சங்கரேஸ்வரிக்கு வந்த மூன்று ஜோடி பூட்ஸ்

போலீஸ் வேலையில் என்னோடு ஒரே பேட்சில் சேர்ந்தவள் தென்காசிப் பக்கத்து இலஞ்சி சங்கரேஸ்வரி. ஆள் லட்சணம், குரல் கணீர், கோபம் மூக்குக்கு மேல். கால் மட்டும் மம்பட்டி. இதை நான் சொல்லவில்லை, பெற்ற தாய் ரெங்கம்மாளே அப்படித்தான் சொல்வாள். நீளம் என்னவோ சாதாரணப் பெண்பிள்ளைக் காலின் நீளம்தான். விரல் பக்கம் வரும்போது அது அகன்று விரிந்து, ஐந்து விரலும் ஆளுக்கொரு திசையில் நிற்கும்.

நெல்லும் தென்னையும் உள்ள குடும்பம். பள்ளிக்கூட நாளிலேயே அந்த வீட்டில் ஷூ என்றால் சண்டைதான். வேலைக்குச் சேர்ந்த பிறகு, கேன்வாஸ் ஷூவைச் சுண்டுவிரல் பக்கம் பிளேடால் கீறிவிட்டுத்தான் போடுவாள். பயிற்சியில் அதிகாரி பார்த்துச் சத்தம் போடுவார். "கீறாமப் போட்டா ஓட முடியாது சார்" என்று அவளும் சத்தமாகவே பதில் சொல்வாள். அதற்குத் தண்டனையாக மைதானத்தைக் கூடுதலாகச் சுற்றி வரச் சொல்வார்கள். கீறின ஷூவிலேயே அதையும் ஓடி முடிப்பாள். இப்படிப்பட்டவளை என்ன செய்ய?

மலை ஏறுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடையம் பக்கத்துத் தோரணமலை முருகனை மாதக் கடைசி வெள்ளியில் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. எங்கள் பக்கம் மலை என்றால் பெரும்பாலும் உச்சியில் ஒரு சாமி இருக்கும், செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏறுவோம். மலை ஏறுவதற்கென்றே பூட்ஸ் விற்கிறார்கள் என்பது அவளுக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிய வந்தது.

பெண் போலீஸ்காரர்களை இமயமலைச் சிகரம் ஒன்றுக்கு அனுப்பப் போவதாக அறிவிப்பு வந்தது. முதல் தேர்வில் கீறின கேன்வாஸ் ஷூவோடு ஏறி எல்லோருக்கும் முன்னால் போய் நின்றாள் சங்கரேஸ்வரி. குழுவை நடத்திப் போகும் இன்ஸ்பெக்டர் ஷாரோன், அந்த ஷூவைப் பார்த்துவிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"பனியில இது ஆகாது. நல்ல மலையேற்ற பூட்ஸ் வாங்கிப் போட்டுப் பழகு. கடைசித் தேர்வு குற்றாலத்துல. பாரத்தோட ஏறி இறங்கணும். இறங்கினதும் ஒவ்வொருத்தர் காலையும் பாப்பேன். புதுசாப் புண்ணு இருந்தா விட்டுட்டுப் போயிருவேன். விரலப் பறிகொடுக்கதுக்கு நான் யாரையும் கூட்டிட்டுப் போகல."

அதிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை. பனியை டிவியில் பார்த்ததோடு சரி. எப்படியாவது அதில் கால் வைத்துவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். தென்காசிக் கடைகளில் மலையேற்ற பூட்ஸ் கேட்டால், தோட்ட வேலைக்குப் போடுகிற ரப்பர் பூட்ஸை எடுத்து வைத்தார்கள். திருநெல்வேலியில் கிடைத்தவற்றில் கால் பாதிக்கு மேல் நுழையவில்லை. ராணுவத்தில் இருக்கும் தாய்மாமன் பலவேசம் டேராடூனிலிருந்து போன் செய்தார்.

"இங்கன அந்தக் கடைக நெறைய இருக்கு. கால் அளவ மட்டும் அனுப்புங்க. நான் பாத்துக்கிடுதேன்."

அளவெடுத்தது ரெங்கம்மாள். வெளியூரில் யாரிடமாவது செருப்பு வாங்கச் சொன்னால் அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, குதிகாலிலிருந்து பெருவிரல் நுனிவரை வைத்து ஒடித்துக் கொடுத்துவிடுவார்கள். மகள் டூட்டி முடிந்து வந்து கட்டிலில் அசந்து தூங்கும்போதே அந்த அம்மாள் ஈர்க்கை வைத்து ஒடித்து, உறைக்குள் போட்டுத் தபாலில் அனுப்பிவிட்டாள். ஈர்க்குக்கு நீளம் தெரியும், அகலம் தெரியுமா? அன்றைக்கு எங்கள் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

முதல் ஜோடி வந்தது. காலோடு ஒட்டி வைத்துப் பார்த்தால் நீளம் அச்சு அசல். போட்டால் பாதி வழியில் கால் மாட்டிக்கொண்டது. அவள் இழுக்க, நான் பின்னாலிருந்து தள்ள, "ஏட்டி, பைய, கால ஒடிச்சிராதிய" என்று ரெங்கம்மாள் கத்த, கடைசியில் கழற்றுவதற்குத்தான் அதிகம் பாடுபட்டோம்.

"அப்ப ரெண்டு நம்பர் பெருசா அனுப்புதேன்" என்றார் மாமன். வளருகிற பிள்ளைக்கு யூனிஃபார்ம் எடுக்கிற கணக்கு. இரண்டாவது ஜோடியில் கால் நுழைந்தது. ஆனந்தம் தாங்கவில்லை அவளுக்கு. முதுகில் அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு ஐந்தருவி ரோட்டு மேட்டில் ஏறினாள், ஒரு குறையும் இல்லை. இறங்கும்போதுதான் வந்தது வினை. பூட்ஸின் நீளத்தில் கால் முன்னால் வழுக்கிப் போய், அடிக்கு அடி விரல்கள் முட்டின. கொஞ்ச நாளில் இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துப்போயின.

"ஷாரோன் மேடம்ட்ட சொல்லிருட்டி" என்றேன்.

"சொன்னா வேற ஆளப் போட்டிருவாவ. நீ வாயப் பொத்திக்கிட்டு இரு."

கடைக்குப் போய் அடர்ந்த சிவப்பில் நெயில் பாலிஷ் வாங்கி வந்தாள். பொட்டுக்கு மேல் அலங்காரம் அறியாதவள், கறுத்த நகத்தின்மேல் அதைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "சவத்த விட்டுத் தொல. பனியில போயி விரல அறுத்துட்டா வரப்போற?" என்று கத்திவிட்டேன். அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள்.

அந்த நேரம் பார்த்துக் குற்றாலத்தில் சாரல் சீசன் தொடங்கி, எங்கள் இருவருக்கும் மெயினருவியில் டூட்டி விழுந்தது. பேசாதவளோடு சேர்ந்து கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒருநாள் காலையில் டூட்டி முடிந்து பெண்கள் பக்கம் குளித்துவிட்டு, உடை மாற்ற அவள் முன்னால் போனாள், நான் பின்னால் போனேன். காய்ந்த சிமெண்ட் தரையில் அவள் ஈரக்கால் வரிசையாகப் பதிந்திருந்தது. என்னவோ தோன்றி, ஒன்றின் பக்கத்தில் என் காலையும் வைத்து எடுத்தேன். இரண்டு தடமும் ஒரே நீளம். அகலத்தில் அவளுடையது என்னுடையதைப்போல் ஒன்றரை மடங்கு.

"ஏட்டி, இங்கன வா. கோவத்த அப்புறம் வச்சுக்கிடு."

வந்து பார்த்தாள்.

"நிக்கும்போது உன் கால் இம்புட்டு விரியுது. உங்கம்மா படுத்துக் கெடந்த கால அளந்திருக்கா. அதுலயும் நீளத்த மட்டும்."

அன்றைக்கே வீட்டில் பழைய காலண்டர் தாளைத் தரையில் விரித்து, அரிசிப் பையை முதுகில் ஏற்றி அவளை அதன்மேல் நிற்கவைத்து, பென்சிலால் காலைச் சுற்றி வரைந்தேன். பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து மாமனுக்கு அனுப்பினோம். உடனே போன் வந்தது.

"காலா இது, நெல்லு பொடைக்க சொளகா?"

"கடையில கேளுங்க மாமா" என்றாள் இவள், சிரிக்காமல்.

கடையில் கேட்டதற்கு, அகலக்கால் ஆண்களுக்கென்றே தனியாகச் செய்கிறார்கள் என்று சொன்னார்களாம். அதில்தான் மூன்றாவது ஜோடி வந்தது. "ஆம்பள பூட்ஸா?" என்று ரெங்கம்மாள் முகம் சுளித்தாள். தேர்வு நெருங்கிவிட்டதால், சங்கரேஸ்வரி அதைப் போட்டுக்கொண்டே ரேஷன் கடைக்குப் போனாள், வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போனாள். எப்படி இருக்கிறது என்று நான் கேட்டால், "இறக்கத்துலதான் தெரியும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பயந்துபோயிருந்தாள்.

தேர்வன்று வனத்துறை அனுமதியோடு செண்பகாதேவி அருவி வரை ஏறிப் போனார்கள். நான் அருவிக்கரையில் டூட்டியில் இருந்தேன். மத்தியானம் குழு இறங்கி வந்தது. சங்கரேஸ்வரி சுவரோரம் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

ஷாரோன் மேடம் குனிந்து காலைப் பிடித்தார். "எங்க வலிக்குது?"

"எங்கயும் வலிக்கல மேடம்."

அவர் நம்பவில்லை. விரல் விரலாக அழுத்திப் பார்த்தார். சிவப்புப் பாலிஷோடு பழைய நகம் உதிர்ந்துகொண்டிருந்தது. புதிதாக ஒரு கொப்புளம்கூட இல்லை. "நகத்தப் பத்தி அப்புறம் பேசிக்கிடுதேன். நீ வாற. அதுக்கு எதுக்கு அழுகை?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் காலைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அதான் சேத்தாச்சுல்லா? இன்னும் என்னட்டி?"

"ஜெயசித்ரா, ஒங்களுக்கெல்லாம் ஷூ போட்டா இப்படித்தான் இருக்குமா?"

"எப்படி?"

"போட்டதே தெரியாம."

"ஆமா. பெறகு எப்படி இருக்கும்?"

அவள் கழற்றின பூட்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எல்லாருக்கும் வலிக்கும், நீங்கல்லாம் தாங்கிக்கிடுதீய, எனக்குத்தான் பொறும இல்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். சின்னப்பிள்ளையில இருந்தே."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். சீசன் கூட்டம், யூனிஃபார்மில் அழுகிற எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே அருவிக்குப் போயிற்று.