செவலை முதலில் குடி வந்த வீடு

வேலூரில் என் மகள் குடியிருக்கும் வீட்டில் நாய் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் சாவி கொடுத்தார்கள். போன மாதம் ஓனர் மாடிக்கு வந்து, இனிமேல் கூடாது என்றார். மகள் என்னைப் பார்த்தாள். நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். ஆனாலும் எனக்கு எங்கள் செவலையின் ஞாபகம் வந்துவிட்டது.

செவலை நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் வீட்டில் இருந்த மாடு. அப்போது ஆம்பூரில், வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை இழுத்துப் போட்டு மயிர் சீவ வேண்டும். அவர் வீட்டுக்கு வந்தால் ஷாப்பும் கூடவே வரும். அந்த வாடை எங்கள் தெருவில் சோற்றிலும் இருந்தது, துணியிலும் இருந்தது. யாரும் மூக்கைப் பிடித்ததில்லை.

அப்படிப்பட்ட தெருவில்தான் சாணி நாறுகிறது என்று ஒருவர் சொன்னார். அவர் எங்கள் ஓனர். மகனுக்குக் கல்யாணம் செய்திருந்தார். வந்த மருமகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். பொங்கலுக்குள் மாடு, கோழி, நாய் எதுவும் இந்த வரிசையில் இருக்கக் கூடாது, முடியாதவர்கள் காலி செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவலைக்கு அப்போது பால் வற்றிவிட்டது. எங்கள் ஊரில் பால் வற்றிய மாட்டை விற்றால் எங்கே போகும், அதன் தோல் எங்கே வந்து சேரும் என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும். ஒரு நாள் அப்பா தொட்டியிலிருந்து இழுக்கும் தோலில் செவலை மயிர் இருந்தால் என்ன செய்வார் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவும் சரியாகச் சாப்பிடவில்லை. அவரும் அதைத்தான் நினைத்திருப்பார்.

போகிக்கு முந்தின நாள் காலையில் ஓனர் ஒரு மாட்டுத் தரகரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தரகர் தோளில் புதுக் கயிறு. வந்ததும் செவலையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்.

"இன்னாப்பா, வேற வீடு பாத்துட்டியா, இல்ல மாட்ட ஓட்டிக்கினு போலாமா?" என்று ஓனர் கேட்டார்.

அம்மா அதுவரை ஓனரிடம் பேசியதே இல்லை. அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். அந்தக் குணம்தான் எனக்கு வந்தது. அன்றைக்கு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்து, அப்பாவுக்கு முன்னால் நின்றாள்.

"ஐயா, இந்த வீட்டுக்கு மொதல்ல குடி வந்தது யாரு?"

"இன்னாமா கேள்வி இது? நீங்கதான் வந்தீங்க."

"நாங்க சாய்ங்காலம் வந்தோம். இது காலைலயே வந்துடுச்சு. கிரகப்பிரவேசத்துக்கு மாடு வேணும்னு நீங்கதான் வந்து கேட்டீங்க. நீங்கதான் கயித்த புடிச்சினு முன்னாடி போனீங்க. இது நடுவீட்ல சாணி போட்டுச்சு. லட்சுமியே வந்துட்டான்னு உங்க வீட்டம்மா கும்புட்டாங்க. அன்னிக்கு லட்சுமி, இன்னிக்கு நாத்தமா?"

தரகர் சிரிப்பை அடக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது சம்பிரதாயம்மா" என்றார் ஓனர்.

"அது முடிஞ்சதும் இன்னா சொன்னீங்க? பின்னாடி எடம் இருக்கு, மாட்டக் கட்டிக்கினு நீங்களும் இங்கியே இருங்கன்னீங்க. அந்த வார்த்தைய நம்பித்தான் சாமான் ஏத்தினு வந்தோம். குடி வெச்சப்புறம் பேச்ச மாத்தினா நாங்க எங்க போறது?"

அதற்குள் வரிசையில் எல்லாக் கதவும் திறந்துவிட்டது. கோழி வளர்க்கும் பக்கத்து வீட்டு அக்கா, "ஏங்க, உங்க வாசல்ல தெனம் தெளிக்கிற சாணி எந்த மாட்டுதுங்க? உங்க மருமக கோலம் போடறதே அது மேலதான்" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்பாகூட.

ஓனர் கெட்டவர் இல்லை. செவலையின் பக்கத்தில் வந்தார். அது அவர் வேட்டி முனையை மோந்து பார்த்தது.

"சரி. இனிமே புதுசா வர்றவங்களுக்குத்தான் இந்தச் சட்டம். இருக்கறவங்க இருக்கற மாதிரியே இருங்க. எடத்த மட்டும் கழுவி வெய்யுங்க."

தரகர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்த வழியே போனார். அக்காவின் கோழிகளும் பிழைத்தன.

அந்த மாட்டுப் பொங்கலுக்குச் செவலையின் ஒரு கொம்புக்குச் சிவப்பு, ஒரு கொம்புக்குப் பச்சை. ஓனர் வீட்டு வாசல் வரைக்கும் நான்தான் கயிற்றைப் பிடித்து ஓட்டிக்கொண்டு போனேன். தெருவே பார்த்தது, எனக்குக் கூச்சமே வரவில்லை. மருமகள் வெளியே வந்து மஞ்சள் குங்குமம் வைத்தாள். மூக்கைப் பொத்தவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு அப்போது புரியவில்லை. தரகர் வந்த அன்றைக்கு, ஓனர் அந்தப் பக்கம் போனதும் அம்மா வீட்டுக்குள் போகாமல், செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மாட்டைக் கொஞ்சுகிறாள் என்று நினைத்து நானும் ஓடிப்போய் மறுபக்கம் கட்டிக்கொண்டேன்.

போன மாதம் மகள் வீட்டு ஓனரிடம், "மொதல்ல சரின்னு சொன்னது நீங்கதானேங்க?" என்று நானே கேட்டேன். அவர், இருக்கட்டும் என்று சொல்லி இறங்கிப் போனார். மகள் நாயைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். நான் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். விட்டால் கால் நிற்காது போலிருந்தது.

அம்மா அன்றைக்குச் செவலையைக் கொஞ்சவே இல்லை.