மிஸ்ஸி மீன்

மேல்வீட்டில் ஒரு பிள்ளை அழுகிறது. பிறந்து சில நாள்தான் இருக்கும். தன்னைக் கேட்காமல் இந்த உலகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்ற கோபத்தில், தொண்டை கிழிய, சுவர் அதிர அழுகிறது. படியில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர் மேலே பார்த்து முகத்தைச் சுளித்தார். நான் சிரித்தேன். அழட்டும். அழுகிற பிள்ளையைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கு ஒருத்தி சொல்லித் தந்திருக்கிறாள். அந்தச் சத்தம் கேட்டால் டெற்றோல் மணமும் உப்புக்காற்றும் சேர்ந்து மூக்கில் ஏறுகின்றன. பருத்தித்துறை பஸ் பாதையில், கடலைப் பார்த்தபடி நின்ற ஒரு சிறிய ஆஸ்பத்திரி. அதன் கோடியில், குறைமாதப் பிள்ளைகளின் அறை. அறை வாசலில் வெள்ளைச் சட்டையோடு அவள்.

எல்லாரையும் போல நானும் அவளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் பக்கம் தாதிமார் எல்லாருமே மிஸ்ஸிதான். அந்த ஒரு சொல்லை ஒரு ஊரே பாவித்தது. நான் மட்டும் அதை வேறு மாதிரி பாவித்தேன். அது அவளுக்குக் கேட்டிருக்கும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

என் அக்காவின் மகள் அழாத பிள்ளை. எழுபதுகள் முடியப்போகிற காலம். அக்காவுக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்து, அந்த அறையில் கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் கத்தி ஊரைக் கூட்ட, எங்கள் பிள்ளை நித்திரை. பாலுக்கும் தட்டித்தான் எழுப்ப வேண்டும். நிறமோ மஞ்சள் பூத்த மாதிரி. "நல்ல பிள்ளை, ஒரு கரைச்சலுமில்லை" என்று சொல்லித்தான் மிஸ்ஸி அதை அக்காவின் கையில் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. எங்கள் வீட்டார் கோயிலுக்குப் போக முடியாது. வெளியார் வந்து கைநனைக்க மாட்டார்கள். கதவு சாத்திய அறைக்குள் அக்காவும் பிள்ளையும், பெற்றவளுக்கென்று காய்ச்சிய சரக்குக்கறி மணமும்தான். துடக்குக் கழித்த அன்று பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். "இதென்ன சத்தமே இல்லை, தங்கமான பிள்ளை!" "நிறத்தைப் பாருங்கோ, பொன் மாதிரி." கண்ணூறு பட்டுவிடும் என்று அக்கா கன்னத்தில் பொட்டைப் பெரிதாக்கினாள். எங்கள் ஊரில் அழாத பிள்ளையைப் பெறுவது ஒரு பெருமை. அந்தப் பெருமைக்குள் மாதங்கள் போயின. பிள்ளை கழுத்தைத் தூக்கவில்லை. நாக்கை உள்ளே இழுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டர் பார்த்து, கழுத்துச் சுரப்பி பிறந்ததிலிருந்தே வேலை செய்யவில்லை என்றார். ஒரு சின்னக் குளிசைதான் மருந்து. பிறந்த சில கிழமைக்குள் தொடங்கியிருந்தால் ஒன்றுமே தெரியாமல் வளர்ந்திருக்கும். இனிக் கொடுத்தால் உடம்பு தேறும், புத்தி எவ்வளவு தேறும் என்று சொல்ல முடியாது என்றார்.

அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே அந்த அறை வாசலுக்குப் போனாள். சண்டைக்கென்று நினைத்து நான் பின்னால் ஓடினேன். டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டை மிஸ்ஸி படித்தாள். பிள்ளையின் உள்ளங்காலைப் பிடித்துப் பார்த்தாள். காலை விடவேயில்லை.

"நான்தானே நல்ல பிள்ளை எண்டு சொல்லித் தந்தனான்."

"நீங்கள் மட்டுமே மிஸ்ஸி? ஊரே சொன்னது," என்றாள் அக்கா. "நானும் பெருமைப்பட்டனான். அழாட்டில் அம்மா தூங்கலாம்தானே."

"எங்களுக்கு ஒருத்தரும் இதைச் சொல்லித் தரேல்லை அக்கா. நிறையும் பாலும் பாக்கத்தான் தெரியும். இஞ்சை இருந்து போனால் உங்கடை வீடுகளிலை கதவைச் சாத்திப்போடுவியள். அதுக்குப் பிறகு ஆர் பாக்கிறது? எங்கடை கண்ணுக்கு முன்னாலை கிடக்கிற கொஞ்ச நாளுக்குள்ளை பாத்தால்தான் உண்டு."

அதற்குப் பிறகு அவளுக்கு அதுவே பேச்சு, அதுவே மூச்சு. இந்தியாவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தாதிமாருக்கு இதைப் படிப்பிக்கிறார்களாம்: பிறந்த பிள்ளையை எப்படிப் பார்ப்பது, எதைக் கண்டால் விடக் கூடாது, குதிக்காலில் ஒரு துளி இரத்தம் எடுத்து மையொற்றித் தாளில் ஊறவைத்து எப்படிச் சோதிக்க அனுப்புவது. அவளுடைய ஆஸ்பத்திரி டொக்டரே எழுதிக் கேட்டு இடமும் எடுத்துக் கொடுத்தார். ஆனால் சம்பளமில்லாத லீவுதான் கிடைக்கும். நீர்வேலியில் அவளுடைய வீடு அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு மூட்டியது. தகப்பனின் வாழைத்தோட்டம் அந்த வருடம் காற்றோடு சாய்ந்திருந்தது.

நான் அப்போது மீன்பிடிச் சங்கத்தில் கிளாக்கர். அக்காவின் பிள்ளைக்குக் குளிசை வாங்கப் போகிற சாட்டில் மாதம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போவேன். குளிசையோடு திரும்பிய பிறகும் மதிலுக்கு வெளியே சைக்கிளுக்குக் காற்றடிப்பேன். காற்று நிறைந்த சில்லுக்கும் அடிப்பேன். ஒருநாள் அவள் வெளியே வந்து சொன்னாள், "இந்த முறை விட்டால் இடத்தை வேறை ஆருக்கும் குடுத்திடுவினம்." காசு சேர்க்க ஏதாவது வழி இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. நானாகவே, "நான் பாக்கிறன்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவள் போனால்தான் இங்கே பிறக்கிற பிள்ளைகளைப் பார்க்க ஆள் உண்டு. அவள் போனால் எனக்குப் பார்க்க அவள் இல்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு கடலோரமாகவே வீட்டுக்குப் போனேன். ஏற மனம் வரவில்லை.

எங்கள் கரையில் மகமை என்று ஒன்று உண்டு. வருகிற மீன்பாட்டில் ஒரு பங்கு கோயிலுக்கென்று ஒதுக்குவது. அதில் ஒரு வருடத்து மகமையை மிஸ்ஸியின் படிப்புக்குக் கொடுத்தால் என்ன என்று சங்கக் கூட்டத்தில் கேட்டேன். கோயிலைப் பார்க்கிற மணியகாரர் எழும்பிவிட்டார்.

"சுவாமியின்ரை காசை எடுத்துக்கொண்டுபோய்ப் பிள்ளை பெறுற அறைக்குள்ளை கொட்டச் சொல்லுறீரோ? துடக்குத் தெரியாதே உமக்கு?"

அந்தச் சொல்லுக்கு எதிராக எங்கள் ஊரில் பேச்சு இல்லை. கடைசி வாங்கில் பீடியோடு இருந்தார், மீன் ஏலம் கூறுகிற அண்ணை. கரையில் அவர் குரல் எழுந்தால் காகமும் விலை கேட்கும்.

"மணியம், ஒரு கதை கேக்கிறன், கோவிக்காதேயும். மீனுக்குத் துடக்கிருக்கோ?"

"என்ன விசர்க்கதை."

"இல்லைத்தானே. அப்ப சுவாமியின்ரை பங்கு அப்பிடியே கிடக்கட்டும், அதிலை கை வைக்க வேண்டாம். வள்ளக்காரர் வீட்டுக்கெண்டு கறிமீன் கொண்டுபோறம் எல்லே, அதிலை ஒண்டைத் தருவம். நான் கூறி வித்துத் தாறன். மீனிலையிருந்து வந்த காசு, கோயில் வாசலே மிதியாது. துடக்கு எங்காலை வரும்?"

"கறிமீன் குறைஞ்சால் வீட்டிலை பெண்டுகள் கொல்லுவினம்," என்றார் ஒருவர்.

"போய்க் கேட்டுப் பாரும். பிள்ளை பெறுறது நீரோ அவையளோ?"

கூட்டம் சிரிப்பில் கலைந்தது. மணியகாரர் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு போனார். ஆனால் மறுநாள் விடிய அவருடைய வள்ளத்திலிருந்துதான் முதல் மீன் வந்தது. பெரிய பாரை. "சும்மா கிடந்தது, அதுதான்" என்று சொல்லிவிட்டு அவர் நிற்காமல் போய்விட்டார்.

அது மிஸ்ஸி மீன் என்று பெயர் பெற்றது. ஏலம் முடிகிற நேரத்தில் அண்ணை அந்தக் குவியலுக்கு வந்து குரலை உயர்த்துவார். "மிஸ்ஸி மீன்! மிஸ்ஸி மீன்! கேக்கிறவை கூடக் கேளுங்கோ, குறையக் கேக்கிறவனுக்குப் பேரப்பிள்ளை பிறக்காது!" வியாபாரிகள் திட்டிக்கொண்டே கூடக் கேட்டார்கள். என்னையும் விடவில்லை. "தம்பி, உன்ரை மிஸ்ஸி நீர்வேலிச் சைவம். மச்சம் வாயிலை வைக்காத பெட்டைக்கு மச்சக்காசு. வாழைப்பொத்தி வித்தெல்லே குடுக்கோணும்!" உன்ரை மிஸ்ஸி என்று அவர் விளையாட்டாகச் சொன்னதை நான் அன்று முழுக்க வாய்க்குள் வைத்திருந்தேன், கரையக் கூடாதென்று. கரைச் சாதியும் தோட்டச் சாதியும் ஒரு பந்தியில் இருந்து சாப்பிடாத காலம் அது. பகிடி பகிடியாகவே இருக்கும்வரைதான் அந்தச் சொல்லுக்கு உயிர்.

காசு சேர்ந்தது. ஒவ்வொரு மீனும் என் கையால்தான் குவியலுக்குப் போனது. அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிக்கொண்டிருந்தேன். வாடைக்காற்று எழும்பிக் கடல் புரண்டு வள்ளங்கள் இறங்காத நாட்களில், இன்றைக்கு மீன் இல்லை என்று உள்ளே ஒரு சந்தோசம் தலைகாட்டும். உடனே அக்காவின் மகள் தவழாமல் பாயில் கிடப்பது தெரியும். வள்ளம் இறங்கட்டும் என்று கும்பிடுவேன்.

மதவாச்சியில் கோச்சி மாறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி அவள் போனாள். ஒரு வருடம். எனக்கு அவள் எழுதவில்லை. எழுதுவதற்கு நான் யார். ஆஸ்பத்திரி மதில் மட்டும் அங்கேயே நின்றது. நான் சைக்கிளுக்குக் காற்றடிக்க வேறு இடம் தேடவில்லை.

திரும்பி வந்தபோது கொஞ்சம் மெலிந்திருந்தாள். நடையில் ஒரு அவசரம் வந்திருந்தது. வந்த கிழமையே அந்த அறையின் ஒழுங்கை மாற்றினாள். கத்துகிற பிள்ளைகள் பின்னுக்கு. சத்தம் போடாத பிள்ளைகள் தாதிமாரின் மேசைக்குப் பக்கத்தில். வேலைக்கு வருகிறவர்கள் முதலில் அமைதியான பிள்ளையிடம்தான் போக வேண்டும். குளிசைக்காக அக்காவோடு காத்திருந்த ஒரு மத்தியானம், கதவு வழியாகக் கண்டேன். ஆறேழு தாதிமார் சுற்றி நிற்க, அவள் ஒரு பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், நெற்றியில் பெருவிரலை மெல்ல அழுத்தி எடுத்தாள்.

"விரல் எடுத்த இடத்திலை மஞ்சள் தெரியுதோ? இனி நெஞ்சிலை. இனி உள்ளங்காலிலை. அம்மா மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினாப் பிறகு ஒண்டும் தெரியாது, அதுக்கு முதல் பாருங்கோ. மேல் குளிருதோ? நாக்கு வெளியிலை தள்ளுதோ? தொப்புள் புடைச்சிருக்கோ? நல்ல பிள்ளை எண்டு சொல்ல வாய் வந்தால் வாயைப் பொத்திப்போட்டுக் கையைத் தொட்டுப் பாருங்கோ."

"மிஸ்ஸி, அழுகிற பிள்ளை?" என்றாள் இளையவள் ஒருத்தி.

"அது தன்ரை அலுவலைத் தானே பாக்குது. விடும்."

எல்லாரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் அக்கா சிரிக்கவில்லை. மடியில் கிடந்த மகளின் நெற்றியில் தன் பெருவிரலை வைத்து அழுத்தி எடுத்துப் பார்த்தாள்.

அந்த மாரியிலேயே அந்த இளையவள் ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்தாள். அமைதியான, மஞ்சள் பூத்த, ஊர் மெச்சியிருக்கக்கூடிய பிள்ளை. ஒரு துளி இரத்தம் மையொற்றித் தாளில் ஊறிக் கப்பலேறிப் போனது. சொன்னது சரியாக இருந்தது. குளிசை நேரத்துக்குத் தொடங்கியது. அந்தப் பிள்ளை பிறகு எங்கள் வீட்டடி ஒழுங்கையால் தெருவெல்லாம் ஓடித் திரிந்து என் சைக்கிள் மணியைக் கழற்றிக்கொண்டு போகிற அளவுக்கு வளர்ந்தது. செய்தி கரைக்கு வந்த அன்று அண்ணை ஏலத்தை நிறுத்திவிட்டு, "எங்கடை கறிமீன்ரா அது!" என்று கத்தினார். மணியகாரர் கோயிலில் ஒரு அர்ச்சனை செய்தாராம். யாருடைய பெயருக்கென்று சொல்லவில்லை.

அந்தச் செய்தி கரையோடு நிற்கவில்லை. இப்படிப் படித்த தாதி ஒருத்தி வடகரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று மேலே தெரிந்தது. தெற்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நிறையத் தாதிமாருக்குப் படிப்பிக்க ஆள் வேண்டும். அவளுக்கு இடமாற்றம் வந்தது. நாங்கள் மீன் மீனாகச் சேர்த்து அவளை எங்கள் கரைக்குக் கொள்ளாதவளாக்கிவிட்டோம். எனக்கு ஆரோடு கோவிப்பது என்று தெரியவில்லை. மீனோடு கோவிக்க முடியுமா?

கொக்குவிலில் அவளுடைய தமையன் வீடு. அங்கிருந்துதான் கோச்சி ஏறுகிறாள் என்று அக்கா சொன்னாள். அவளாகவே சொன்னாள், நான் கேட்காமல். காலைப் பஸ்ஸில் போனேன். தமையன் பெட்டிகளைப் பதிய ஸ்டேசன் மாஸ்ரரிடம் போயிருந்தார். வேப்பமர நிழலில் அவள் தனியாக நின்றாள். முதல்முறையாக வெள்ளைச் சட்டை இல்லாமல் கண்டேன். மாம்பழ நிறத்தில் ஒரு சேலை.

"என்ன, சங்கத்திலை இண்டைக்கு வேலையில்லையோ?"

"லீவு. பல்லு வலி."

"எந்தப் பல்லு? வாயைத் திறவுங்கோ பாப்பம்."

சிரித்தோம். தண்டவாளம் வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது.

"போகாமல் இருக்கேலாதே?" என்றேன்.

"அங்கை பிறக்கிறதும் பிள்ளையள்தானே." சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "இஞ்சை அவையளுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்திட்டன். இனி நான் தேவையில்லை."

தேவை என்று சொல்ல வாய் வந்தது. தூரத்தில் கைகாட்டி விழுந்தது. தமையன் திரும்பி வருவது தெரிந்தது.

"கோச்சி வருது," என்றாள். "நீங்கள் முதல் நடவுங்கோ."

"ஏன்?"

"எப்பவும் மதிலடியிலை நிண்டு நீங்கள்தானே பாக்கிறது. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சனீங்களோ? இண்டைக்கு நான் பாத்துக்கொண்டு நிக்கிறன். நடவுங்கோ."