கலைக்காமல் விட்ட மணல்

அமெரிக்காவில், பிளானோ நகரில் அந்த மனநல ஆலோசகரைச் சந்தித்தேன். தமிழ்ப் பெண்மணி. நரைத்த குட்டை முடி. பேசுவதைவிடக் கண்ணாடியைத் துடைப்பதுதான் அதிகம். தூக்கம் கெட்டு வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்த என்னை மனைவிதான் அனுப்பினாள்.

மணல் நிரப்பிய மரப்பெட்டியைக் காட்டி, அலமாரியிலிருக்கும் பொம்மைகளை இஷ்டம்போல அதில் வைக்கச் சொன்னார். நான்தான் முன்கூட்டியே, கனவுக் குறியீடுகளுக்கு அர்த்தம் சொன்ன உளவியலாளர் யுங்கைப் பற்றி இணையத்தில் படித்துவிட்டுப் போயிருந்தேனே! யானை என்றால் ஞானம், பாலம் என்றால் வளர்ச்சி. நல்ல மார்க் கிடைக்கும்படி அடுக்கிவிட்டு, "கரெக்டா இருக்கா மேடம்?" என்றேன்.

"தெரியலையே. வைக்கும்போது உங்களுக்கு எப்படி இருந்துது?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராகவில்லை. சமாளிக்க, பொம்மைகளைத் திரும்ப எடுக்க ஆரம்பித்தேன்.

"என்ன பண்றீங்க?"

"க்ளீன் பண்ணிட்டுப் போறேன். உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

"வேண்டாம். அப்படியே விட்டுட்டுப் போங்க. நான் பாத்துக்கறேன்."

அவ்வளவுதான். நான் பரப்பியதைத் தான் எடுத்து வைப்பதாக அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தாறு வயதில், கையில் பிளாஸ்டிக் யானையோடு தேம்பினேன். அவர் கூடவே உட்கார்ந்திருந்தார்.

நான் கிளம்பிய பிறகு, கலைப்பதற்கு முன் அந்த மணல்பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். பார்த்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.