மாப்பிள்ளைக்கு ஒரு கேம் பெட்டி

எங்கள் வீட்டுப் பரணில் காலி அட்டைப்பெட்டிகள் எப்போதும் இருக்கும். மிக்ஸி பெட்டி, கிரைண்டர் பெட்டி, டிவி பெட்டி, நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் வாங்கிய டேபிள் ஃபேனின் பெட்டி. மிக்ஸி எரிந்துபோய் எடைக்குப் போன பிறகும் அதன் பெட்டி போகவில்லை. பெட்டி இருந்தால்தான் பொருளுக்கு மரியாதை என்பது அம்மாவின் கொள்கை. மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் எந்த வீட்டுப் பரணைப் பார்த்தாலும் இதே கதைதான். அதனால் அந்தப் பெட்டிகள் மேல் எனக்குக் கோபமெல்லாம் இருந்ததில்லை. ஒரு சனிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது அவற்றில் ஒன்று கீழே இறக்கி, தூசி தட்டி, ஈரத்துணியால் துடைத்துக் கூடத்தின் நடுவில் வைக்கப்பட்டிருந்தது. அன்றிலிருந்து கோபம் உண்டு.

அது என்னுடைய கேம் கன்சோல் வந்த பெட்டி. டிவிக்குக் கீழே கன்சோல் இருந்த இடத்தில் தூசி படியாத நீள்சதுரம் ஒன்று மட்டும் இருந்தது. ஒயர்களைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள்.

அந்தக் கன்சோலை நான் எப்படி வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். படித்தது எலக்ட்ரானிக்ஸ், வேளப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில். வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் பிரிவில். எதையும் பட்டியல் போடாமல் செய்கிற வழக்கம் எனக்கு இல்லை. கன்சோல் வாங்க நினைத்தபோதும் மூன்று விதிகள் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு ரூபாய் குறையக் கூடாது. தவணையில் வாங்கக் கூடாது. போனஸும், ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கிடைக்கும் கூடுதல் காசும் எவ்வளவோ அவ்வளவுதான் செலவு.

அதற்குள் என்ன கிடைக்கும் என்று பார்த்தேன். யாரோ ஆடி முடித்த பழைய மாடல் இருபதாயிரத்துக்குக் கிடைத்தது. ஆனால் அதற்கு இனிமேல் புது ஆட்டங்கள் வராது. டிஸ்க் போட முடியாத புது மாடலில் பத்தாயிரம் மிச்சம். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்தையும் முழு விலை கொடுத்து வாங்க வேண்டும், ஆடி முடித்த பிறகு விற்க முடியாது. டிஸ்க் போடும் மாடல் ஐம்பத்தைந்தாயிரம். பழைய டிஸ்க்குகளை வாங்கி, ஆடி, திரும்ப விற்றால் அந்தப் பத்தாயிரம் இரண்டு வருடத்தில் கைக்கு வந்துவிடும். நான்கு மாதம் யோசித்து ஐம்பத்தைந்தாயிரத்தை வாங்கினேன். கூடவே ஒரு ஸ்டெபிலைசரும் வாங்கினேன். பக்கத்து வீட்டில் ஏசி போட்டால் எங்கள் வீட்டு டியூப் லைட் கண் சிமிட்டும்.

பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே அத்தையும் வந்துவிட்டார். அப்பாவின் அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு.

"அம்பத்தஞ்சாயிரமா? இன்னாடி இது, வெளையாட்டு சாமானுக்கா? அந்தக் காசுக்கு ஒரு பவுனு எடுத்து வெச்சிருக்கலாமே. அவ அவ காதுல மாட்டிக்கிறா, கழுத்துல மாட்டிக்கிறா, நீ டிவில மாட்டிக்கினு உக்காந்துகினு கீற."

அப்பா திட்டவில்லை. அவர் வழி வேறு. வீட்டுக்கு யார் வந்தாலும் டிவியைக் காட்டி, "நம்ம ஊட்ல ஒரு கைக்கொழந்தை கீது. வயசு இருபத்தாறு ஆவுது" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் காபி டம்ளரை நீட்டுவேன். இரண்டு வருடம், எந்த விசேஷத்துக்குப் போனாலும் இந்த நகைச்சுவை எங்களோடு வந்தது. அம்மா எதுவும் சொல்லவில்லை. ஆயுத பூஜைக்குக் கன்சோலுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். பூ வேலை செய்த ஒரு துணியால் அதை மூடியும் வைத்தாள். மூடினால் சூடாகிக் கெட்டுவிடும் என்று நான் எடுப்பேன். மறுநாள் துணி மறுபடி அங்கே இருக்கும்.

நான் ஆடியது பெரும்பாலும் ஒரே ஆட்டம். ஊர் கட்டும் ஆட்டம். காலி நிலத்தில் சாலை போட்டு, தண்ணீர் கொண்டுவந்து, வீடுகள் கட்டி, மனிதர்களைக் குடியேற்ற வேண்டும். எல்லோரும் முதலில் கடைத்தெருவைக் கட்டுவார்கள், வரி வரும் என்று. நான் முதலில் மழைநீர்க் கால்வாய் போட்டேன். ஒவ்வொரு ஐப்பசியிலும் முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடக்கிறவள் வேறு எதை முதலில் கட்டுவாள்? இரண்டு வருடத்தில் அந்த ஊரில் லட்சம் பேர் இருந்தார்கள். பஸ்கள் நேரத்துக்கு வந்தன. ஒரு தெருவிலும் தண்ணீர் நிற்கவில்லை.

அப்போதுதான் ஒரு வரன் வந்தது. குமணன்சாவடியில் வீடு, மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, என்னைவிட நல்ல சம்பளம். பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் அவரும் இரண்டு முறை போனில் பேசினோம், மோசமாக இல்லை. "எங்களுக்கு ஒண்ணும் வேணாம், உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்று அவருடைய அம்மா சொன்னார். அதைக் கேட்டு நான்கூடக் கொஞ்சம் நிம்மதியானேன்.

ஒரு வாரம் கழித்து அத்தை சேதியோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ரொம்ப தங்கமான ஜனங்கடா தம்பி. பைக்கு கேக்கல, காரு கேக்கல. பையன் ஒண்ணே ஒண்ணுதான் ஆசைப்படுறானாம். டிவில மாட்டி ஆடுற கேம் பெட்டி. அம்பது, அறுபதுல முடிஞ்சுடும். இந்தக் காலத்துல இப்படி சிம்பிளா யாரு கேக்குறா சொல்லு?"

அப்பா தலையாட்டினார். அத்தை நிறுத்தவில்லை. "நல்ல பழக்கந்தானே? குடி கெடையாது, சிகரெட்டு கெடையாது. ஆபீஸ் வுட்டு வந்தா ஊட்லயே உக்காந்து ஆடிக்கினு இருப்பான். பொண்ணுக்கும் நிம்மதி."

நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"அத்தை, அந்தக் காசுக்கு ஒரு பவுன் எடுக்கலாமே?"

அத்தைக்கு நான் எதைச் சொல்கிறேன் என்றே புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. "பவுனுதான் தனியா போடுறோமேடி" என்றார்.

அன்று இரவு அப்பாவிடம் அமைதியாகவே சொன்னேன். வரதட்சணையாக எதுவும் கொடுக்க வேண்டாம், இதையும் கொடுக்க வேண்டாம், அவருக்கு வேண்டுமென்றால் அவரே வாங்கிக்கொள்ளட்டும். அப்பா, "பாக்கலாம்மா" என்றார். எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் முடிவாகிவிட்டது என்று பொருள். என்ன முடிவு என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை தெரிந்தது. கூடத்தில் பெட்டி. பக்கத்தில் தரையில் அப்பா. மடியில் என் கன்சோல்.

"வந்துட்டியா? நல்லதாப் போச்சு. இதை ஆன் பண்ணா ஒன் பேரு வருது. அதை எடுத்துடு."

"எதுக்குப்பா?"

"புதுசு வாங்கணும்னா அம்பத்தஞ்சு. இதான் ஊட்லயே கீதே. பெட்டி கீது, தெர்மாகோல்கூட அப்படியே கீது. ஒன் பேரு மட்டும் இல்லன்னா பழசுன்னு யாரு சொல்லுவா?"

"புதுசுன்னு பொய் சொல்லிக் குடுப்பீங்களா?"

"நாம ஏன் சொல்லணும்? கண்ணாடித்தாள் சுத்தி சீர்த்தட்டுல வெச்சா அவங்களே நெனைச்சுக்கினு போறாங்க. நீயும் அங்கதானே போவப் போற? ஒன் சாமான் ஒன்கூடவே வருது. இதுல ஒனக்கு இன்னா நஷ்டம்?"

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்ல யோசனை கண்டுபிடித்தவரின் முகம் அது. என் தொழில் புத்தி தன் வேலையைச் செய்தது: பெயரை எடுப்பதென்றால் என் கேம் கணக்கையே எடுக்க வேண்டும். கணக்கை எடுத்தால் அதோடு இந்த மெஷினில் இருக்கிற ஊரும் போகும், கால்வாய்களும் போகும். பிறகு நான் அதை ஒரு தட்டில் தூக்கிக்கொண்டு போய், என்னுடையதை எனக்கு அதிகம் தெரியாதவரிடம் சிரித்த முகத்தோடு கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் அழிக்கிற வேலையையும் நான்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் வீட்டில் எனக்குத்தான் அது தெரியும்.

அம்மா கதவோரம் நின்றாள். "பரண்லேர்ந்து நீதான் எறக்குனியா?" என்று கேட்டேன்.

"அவருக்கு முட்டி வலி. ஸ்டூல் மேல ஏற முடியாது" என்றாள். அதுதான் அவள் பதில்.

அப்பாவின் மடியிலிருந்து கன்சோலை எடுத்தேன். பழைய இடத்தில் வைத்தேன். ஒயர்களின் ரப்பர் பேண்டைக் கழற்றி ஒவ்வொன்றாகச் சொருகினேன். ஆன் செய்ததும் திரையில் என் பெயர் வந்தது. அதன் பின் ஊர் வந்தது. அப்பா திரையைப் பார்த்தார்.

"இந்த பொம்மை ஊருக்கா இவ்ளோ கோவம்?"

மொட்டைமாடிக்குப் போய் மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது: இது அவர் கேட்டதா, அவர் வீட்டார் கேட்டதா. வீட்டார் கேட்டது என்றால், அவர் மறுத்துவிட்டால், எல்லாம் சரியாகிவிடும் என்று அப்போதும் நினைத்தேன்.

"நீங்க கேம் கன்சோல் கேட்டீங்களா?"

சிரித்தார். "அதுவா? இன்னா வேணும்னு அம்மா கேட்டாங்க. பைக்கெல்லாம் கேட்டா உங்க அப்பாக்குக் கஷ்டமா இருக்கும்ல? அதான் சின்னதா ஒண்ணு சொன்னேன்."

"உங்களுக்கு நல்ல சம்பளம். அவ்ளோ ஆசைன்னா நீங்களே ஏன் வாங்கல?"

"அய்யோ, கைக்காசைப் போட்டு அவ்ளோ வெலைக்கு யாருங்க வாங்குவாங்க?"

"நான் வாங்கினேன்."

"நீங்களா? சும்மா சொல்லாதீங்க." நான் மாடலைச் சொன்னேன். "அட, சூப்பருங்க! அப்ப புதுசு எதுக்கு? உங்க அப்பாகிட்ட செலவு வேணாம்னு சொல்லிடுங்க. அதையே எடுத்துகினு வந்துடுங்க. நான் ஆடாத நேரம் நீங்க ஆடிக்கலாம்."

எதிர்முனையில் அவருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும்.

"ஹலோ? ஜோக்குங்க. கல்யாணத்துக்கு அப்பறம் என்னது உன்னதுன்னு இன்னா கீது?"

"ஒண்ணும் இல்லைதான். அப்ப உங்க பைக்கை எனக்குக் குடுத்துடுங்க. நான் ஓட்டாத நேரம் நீங்க ஓட்டிக்கலாம்."

"அது எப்படிங்க? பைக்கு என் பேர்ல இருக்கு."

இந்த முறை அவர் ஜோக் சொல்லவில்லை. எனக்கு இந்தக் கல்யாணத்தில் விருப்பமில்லை, உங்கள் வீட்டில் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று சொல்லி போனை வைத்தேன். குரல் உயரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் கன்சோலின் விலை ஏறிவிட்டது. முன்பு அது ஒரு பவுன். இப்போது அது ஒரு மாப்பிள்ளை. "ஒரு கேம் பெட்டிக்காக நல்ல எடத்தை வுட்டாடி" என்று அத்தை ஆவடி வரைக்கும் போன் போட்டுச் சொன்னார். யாரும் மற்றதைச் சொல்லவில்லை. அதே ஐம்பத்தைந்தாயிரம் என் கையில் இருந்தபோது ஊதாரித்தனமாகவும், அவர் கைக்குப் போகும்போது எளிமையாகவும் இருந்ததை ஒருவரும் சொல்லவில்லை. நான் உழைத்த ஞாயிற்றுக்கிழமைகளை ஒருவரும் சொல்லவில்லை. வாங்கியவள் கைக்குழந்தையாம். ஓசியில் கேட்டவர் நல்ல பழக்கமுள்ள பையனாம். இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். பேச வேண்டியதை அம்மா வழியாகப் பேசினார், நான் அதே அறையில் இருக்கும்போதே. அம்மா துணி போட்டு மூடுவதை மட்டும் விட்டுவிட்டாள். அது என் பக்கம் நின்றதா, அதைத் தொடவே பயமா, தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பழைய பேப்பர்காரர் தெருவில் குரல் கொடுத்தார். நான் ஸ்டூலைப் போட்டு, மறுபடி பரணுக்கே போயிருந்த கன்சோல் பெட்டியை இறக்கினேன். வாசலில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அப்பா அம்மாவைக் கூப்பிட்டார்.

"அதை ஏன் போடுறாளாம்? அடுத்த எடம் வந்தா தேவைப்படும்ல?"

அடுத்த இடம். அப்போ அந்த யோசனை செத்துப்போகவில்லை. பரணில் படுத்திருக்கிறது, மிக்ஸி பெட்டிக்குப் பக்கத்தில், அடுத்த மாப்பிள்ளைக்காக.

பெட்டியைப் படியில் வைத்து, தெர்மாகோலை உருவி எடுத்து முழங்காலில் வைத்து உடைத்தேன். வெள்ளை உருண்டைகள் வாசல் கோலத்தின் மேல் சிதறின. "தெர்மாகோல் நாங்க எடுக்கறதில்லம்மா" என்றார் பேப்பர்காரர். "தெரியும்ணா, இது குப்பைக்கு" என்றேன். பெட்டியின் நான்கு மூலைகளையும் கிழித்து, தரையில் போட்டு, மேலே ஏறி நின்று மிதித்தேன். தட்டையாகும் வரை மிதித்தேன். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பேப்பர்காரர் தராசில் போட்டார், அது ஒரு கிலோகூட வரவில்லை. ஏழு ரூபாய் கொடுத்தார்.

அந்தச் சில்லறையைக் கொண்டுபோய் அப்பாவின் நாளிதழ் மேல் வைத்தேன்.

"அடுத்த மாப்பிள்ளைக்கு சீர்த்தட்டுல வெச்சுக் குடுங்கப்பா."

பல வாரங்களுக்குப் பிறகு முதல் முறையாக அவர் என்னிடம் நேராகப் பேசினார்.

"ஏழு ரூபாதானா? ஒன்னை நல்லா ஏமாத்திட்டான்."

நான் உள்ளே போய்க் கன்சோலை ஆன் செய்தேன். என் பெயர் வந்தது.