பாதிக் கட்டத்துக்குப் பாலிஷ்

பெயிண்ட் கடை வைத்திருப்பவனுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது கிடையாது. நெய்வேலி மெயின் பஜாரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். பரமசிவத்துக்கும் தெரியும், தெரிந்தேதான் வந்து வம்பு இழுப்பார்.

பரமசிவம் மைன்ஸில் பெல்ட் செக்‌ஷன். மண்ணையும் கரியையும் சுமந்துகொண்டு கன்வேயர் பெல்ட் ஓட, அதை ஒட்டியே நடந்து ரோலர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். எனக்கும் அந்தப் பக்கம் என்பதால் கொஞ்சம் உரிமை அதிகம். ஷிஃப்ட் முடிந்தால் கிளப்பில் செஸ் ஆடுவார். "என்ன, குதிரைக்குப் புல்லு வைக்கலியா? நகர மாட்டேங்குது!" என்று பேசிப் பேசியே எதிராளியைத் தோற்கடிப்பார். வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத மனுஷன் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன தை மாதம் சொந்தமாக ஒரு செஸ் பலகை செய்தார். கறுப்புக் கட்டத்துக்கு ஈட்டி மரம், வெள்ளைக் கட்டத்துக்குப் பலா. மரவாடியில் கழிவுத் துண்டு பொறுக்கி, அறுத்து, இழைத்து, ஒட்டியிருந்தார். கடைக்குத் தூக்கிவந்து மேஜைமேல் வைத்தபோது குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"இதுக்கு என்ன அடிக்கலாம் அண்ணாச்சி?"

"மெலமைன் கிளாஸ் அடிங்க, கண்ணாடி மாதிரி மினுங்கும். ஜன்னலைச் சாத்திட்டு அடிங்க. இல்லன்னா நம்ம ஊர் பவர் பிளான்ட் சாம்பல் பூரா அதுல வந்து ஒட்டிக்கும்."

"மினுங்க வேண்டாம். லைட் பட்டா கூசுது."

மினுமினுப்பு இல்லாத மேட் டப்பாவைக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பிக் கொண்டுவந்தார்.

"கூசுனா கூசட்டும். கறுப்புக் கட்டம் வழவழன்னு இருக்கணும், வெள்ளைக் கட்டம் சொரசொரன்னு இருக்கணும். அதுக்கு வழி சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்த ஊர்லயாவது பாதிக் கட்டத்துக்குப் பாலிஷ் போட்டுப் பாதியை மொட்டையா விடுவாங்களா? ரெண்டு மாசத்துல வெள்ளையில அழுக்கேறிடும். அப்புறம் எது கறுப்பு, எது வெள்ளைன்னு எப்படித் தெரியும்?"

"தடவிப் பாத்துக்கிடுவேன்," என்று சிரித்தார்.

கிறுக்கு முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் வாடிக்கையாளர் ஆயிற்றே. ஒரு பிளைவுட் துண்டை எடுத்து, ஒரு பாதிக்குக் கிளாஸ் அடித்தும், மறுபாதியை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து லின்சீட் ஆயில் மட்டும் பூசியும் காயவைத்தேன். வெள்ளிக்கிழமை வந்து தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்று அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அவருக்கு முன்னால் அவர் மனைவி திலகவதி வந்தார். சேத்தியாத்தோப்புக்காரர். எதையும் நேராகக் கேட்டுவிடுவார்.

"அண்ணாச்சி, அவரு இங்க வந்து என்னதாங்க கேக்குறாரு? கிளப்புக்கே போறதில்ல. அந்தப் பலகைய மடியில வச்சிக்கினு தடவிக்கினே உக்காந்திருக்காரு. கேட்டா எரிஞ்சு விழறாரு."

நான் கிண்டலாகத்தான் ஆரம்பித்தேன். பாதிக் கட்டத்துக்குப் பாலிஷ், பாதிக் கட்டம் மொட்டை, தடவிப் பார்த்து ஆடப்போகிறாராம் என்று சொல்லிச் சிரித்தேன். திலகவதி சிரிக்கவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில், சுவரோரம் கிடந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார்.

"வண்டி ஓட்டறத விட்டுட்டாரு, முதுகு வலின்னாரு. கதவு நிலையில இடிச்சுக்கினு வர்றாரு. தெனமும் கண்ணுக்குச் சொட்டு மருந்து ஊத்திக்கிறாரு. மைன்ஸ் டஸ்ட்டுன்னாரு, நானும் வுட்டுட்டேங்க."

யார்தான் விடமாட்டார்கள்? இந்த ஊரில் கண் சிவந்தால் டஸ்ட், கலங்கினால் டஸ்ட், மங்கினாலும் டஸ்ட். நானே என் பெண்டாட்டியிடம் அப்படித்தான் சொல்வேன். அதற்குமேல் இங்கே யாரும் கேட்பதில்லை.

அப்போது பரமசிவம் உள்ளே வந்தார். திலகவதியைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சண்டை, அதனால்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருகிறார் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. பிளைவுட் துண்டை எடுத்துக் கட்டைவிரலால் இந்தப் பாதி, அந்தப் பாதி என்று தடவினார்.

"இதேதான் அண்ணாச்சி. இதேதான் வேணும்."

"கண்ணுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டுவிட்டேன்.

கை நின்றது. "கடையில வேற யாரும் இல்லியே?"

நான் வாயைத் திறப்பதற்குள் திலகவதி, சொல்லாதீர்கள் என்று கையை உயர்த்தினார். நான் பேசாமல் நின்றேன். யாரும் இல்லை என்று பரமசிவம் எடுத்துக்கொண்டார்.

"பாண்டிச்சேரில காட்டினேன். கண்ணுல பிரஷராம். ஓரப் பார்வை போயிருச்சு, நேரா இருக்கிறதுதான் தெரியுது. போனது வராதாம். இருக்கிறதாவது நிக்கட்டும்னு சொட்டு மருந்து குடுத்திருக்காங்க. அதுவும் நிக்கலன்னா... அன்னிக்கு ஆடுறதுக்குத்தான் இந்தப் பலகை."

"இந்தக் கண்ணை வச்சுக்கிட்டா பெல்ட் ஓரமா நடக்கீங்க? அறிவிருக்கா உங்களுக்கு?" கத்திவிட்டேன். பயத்தில் வந்த கத்தல் அது.

"பழகின எடம் அண்ணாச்சி. இன்னிக்கும் செகண்ட் ஷிஃப்ட் இருக்கு. திலகாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. தெரிஞ்சா வீட்டை விட்டு அனுப்ப மாட்டா. குவார்ட்டர்ஸ்ல உக்காந்துக்கிட்டு அவ அழுறதைக் கேக்க என்னால ஆகாது."

திலகவதி அழுதுகொண்டுதான் இருந்தார், முந்தானையை வாயில் அழுத்தியபடி. பிறகு எழுந்து கணவர் முழங்கையைப் பிடித்தார். பரமசிவம் திடுக்கிட்டார். தலையை முழுசாகத் திருப்பி, அங்குமிங்கும் தேடி, மனைவியின் முகத்தைக் கண்டுபிடித்தார்.

"திலகா? நீ எப்ப வந்த?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டேங்க. இங்கதான், உங்க கைக்கு எட்டுற தூரத்துலதான் உக்காந்திருந்தேன்."

"ஷிஃப்டுக்கு வரலைன்னு போன் போட்டுச் சொல்லுங்க. ஏன்னும் சொல்லுங்க," என்றார் திலகவதி. பரமசிவம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "நீயே சொல்லு," என்று மனைவியிடம் நீட்டினார்.