அக்கா அழுத்தாமல் விட்ட மெயில்

கொரோனா கட்டுப்பாடெல்லாம் முடிந்து, எல்லாரும் பழையபடி ஆபீசுக்கு வர ஆரம்பித்திருந்த சமயத்தில் நடந்தது இது. கோலாலம்பூரை ஒட்டி இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்தில், கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். தினமும் கிள்ளானிலிருந்து கம்யூட்டர் என்கிற புறநகர் ரயிலில் வந்து போகிற ஆள்.

என் வேலை என்னவென்று எங்கள் வீட்டில்கூட யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. சுருக்கமாகச் சொன்னால், ஊழியர்களை நச்சரிப்பது. பாஸ்வர்டைத் துண்டுத் தாளில் எழுதிக் கணினியில் ஒட்டி வைக்காதீர்கள், தெரியாத மெயிலில் வருகிற லிங்க்கை அழுத்தாதீர்கள் என்று வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். லிஃப்ட் பக்கத்தில் போஸ்டர் ஒட்டுவேன். கூட்டம் போட்டுப் பேசுவேன். கூட்டத்துக்குப் பாதிப் பேர் அங்கே கொடுக்கிற கறிபாப்புப் பலகாரத்துக்காகத்தான் வருவார்கள், அது எனக்கும் தெரியும். கேண்டீனில் என்னைப் பார்த்தால், "பாஸ்வர்ட் போலீஸ் வந்துட்டார் லா" என்று கிண்டல் செய்வார்கள்.

இது போதாதென்று அவ்வப்போது ஒரு சோதனையும் வைப்போம். நாங்களே மோசடிக்காரர்கள் மாதிரி ஒரு போலி மெயிலைத் தயாரித்து ஊழியர்கள் எல்லாருக்கும் அனுப்புவோம். யாராவது அதில் இருக்கிற லிங்க்கை அழுத்தினால், 'இது சோதனைதான், இனிமேல் கவனமாக இருங்கள்' என்று ஒரு பக்கம் திறக்கும். அழுத்தியது யார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அப்படி அடிக்கடி மாட்டுகிறவர்களில் ஓர் அக்காவும் இருந்தார். ஒரு ஃபேகல்டியின் நிர்வாக அலுவலகத்தில் நீண்ட காலமாக வேலை செய்கிறவர். அந்த வருஷக் கடைசியில் பென்சன். மாணவர்களின் அடையாள அட்டை விவரம், பரீட்சை மதிப்பெண் எல்லாம் அவருடைய கணக்கு வழியாகத்தான் போய்வரும். அது வெளி ஆள் கையில் சிக்கினால் பிள்ளைகள் எத்தனை பேர் பாதிக்கப்படுவார்கள் என்று சொல்லவே முடியாது. எங்கள் மேலதிகாரி ஒரு மலாய் அம்மா. "மெயிலில் திட்டாதே, நேரில் போய்ப் பேசு" என்று என்னை அனுப்பினார்.

போவதற்கு முன்னால் அக்காவின் பழைய விவரங்களைப் புரட்டிப் பார்த்தேன். எனக்குக் குழப்பமாகிவிட்டது. பேங்க் பெயரில் வருகிற போலி, பார்சல் வந்திருக்கிறது என்கிற போலி, சம்பள உயர்வு என்கிற போலி, இதில் ஒன்றிலும் அவர் ஏமாறவில்லை. ஏமாறாதது மட்டுமில்லை, 'இது ஸ்கேம் மாதிரி தெரியுது, பாருங்க' என்று எங்களுக்கே தகவல் அனுப்பியிருந்தார். ஆனால், 'உங்களுக்கு ஒருவர் படங்கள் அனுப்பியிருக்கிறார்', 'உங்களுக்கு ஒரு குரல் செய்தி வந்திருக்கிறது' என்று வந்த மெயில் ஒன்றையும் அவர் விட்டு வைக்கவில்லை. எல்லாவற்றையும் அழுத்தியிருந்தார்.

மத்தியான நேரம். அக்கா டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"வாங்க தம்பி. அரெஸ்ட் பண்ண வந்தீங்களா?"

நானும் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். போலி மெயிலை எப்படி அடையாளம் காண்பது என்று என் வழக்கமான பாடத்தை ஆரம்பித்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். நான் முடித்த பிறகு, "தெரியும் தம்பி," என்றார்.

"தெரிஞ்சுமா அழுத்துறீங்க?"

"போலியாத்தான் இருக்கும்னு தெரியும். ஆனா ஒருவேளை அவனா இருந்துட்டா?"

அவன் என்றது அவருடைய தம்பியை. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்த குடும்பம். அப்பா சீக்கிரமே போய்விட்டதால், அக்காதான் வேலைக்கு வந்து தம்பியைப் படிக்க வைத்திருக்கிறார். தம்பி ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் படிக்கப் போய், அங்கேயே வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று தங்கிவிட்டார். அவர் போன காலத்தில் வீட்டில் கணினி கிடையாது. அதனால் அக்காவின் ஆபீஸ் மெயிலுக்குத்தான் எழுதுவார், படம் அனுப்புவார். அக்கா அதைப் படித்து மனதில் வைத்துக்கொண்டு போய், சாயங்காலம் அம்மாவிடம் ஒன்று விடாமல் சொல்லுவார். பிறகு வாட்ஸ்அப் எல்லாம் வந்த பின்னாலும், பிள்ளைகளின் படங்களை மட்டும் ஆபீஸ் மெயிலுக்கே அனுப்புகிற பழக்கம் தொடர்ந்திருக்கிறது.

கொரோனா நேரத்தில் அம்மா இறந்துவிட்டார். எல்லை மூடியிருந்தது. தம்பியால் வர முடியவில்லை. அடக்கத்துக்குச் சில பேரைத்தான் உள்ளே விட்டார்கள். அக்கா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் அங்கிருந்து பார்த்திருக்கிறார். பாஸ்டர் ஜெபம் முடிக்கும் முன்பே லைன் போய்விட்டது. திரும்ப அவர் கூப்பிட்டபோது அக்கா இருந்த நிலையில், "அம்மா இருந்தப்ப வராதவன், இனிமே நீ வரவே வேணாம்" என்று சொல்லிவிட்டார். அவர் பதில் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டாராம். அதோடு சரி. அதற்கப்புறம் மெயிலும் இல்லை, போனும் இல்லை.

"நீங்க ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கலாமே அக்கா?"

"கூப்பிட்டு அவன் எடுக்கலன்னா? இப்பவாச்சும், கூப்பிட்டா எடுப்பான்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

நான் கொண்டுபோயிருந்த துண்டுப்பிரசுரம் அவர் மேஜையில் கிடந்தது. அதில் இருந்த ஒரு வரிகூட இதற்குப் பயன்படாது.

எழுந்தபோது அவர் ஒன்று கேட்டார். "பென்சன் ஆனதும் என் மெயிலை மூடிடுவீங்க, இல்ல?"

"ஆமாக்கா. சட்டம் அப்படி."

"அவனுக்கு அந்த ஒரு அட்ரஸ்தான் பழக்கம்."

நான் ஒரே ஒரு வாக்கு மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். படம், குரல் என்று எது வந்தாலும், அவருடைய தம்பி பெயரிலேயே வந்தாலும், அழுத்த வேண்டாம். எனக்குப் போன் செய்தால் போதும், எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு ஓடி வந்து பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

அன்றைக்கு ரயிலில் திரும்பும்போது என் போனை எடுத்துப் பார்த்தேன். இறந்துபோன என் அப்பாவின் நம்பரை நான் இன்னும் அழிக்கவில்லை. அந்த நம்பரிலிருந்து ஒரு லிங்க் வந்தால், பாஸ்வர்ட் போலீஸ் என்ன செய்வார்? ஷா ஆலம் ஸ்டேஷன் தாண்டும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அழுத்த மாட்டேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மேலதிகாரியிடம் அக்காவின் கணக்கைக் கொஞ்ச காலம் திறந்து வைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் வருத்தப்பட்டார், ஆனால் முடியாது என்றார். ஆள் இல்லாத கணக்கைத் திறந்து போடக்கூடாது என்று ஊர் முழுக்கச் சொல்கிறவன் நான். நானே போய் அதைக் கேட்டேன்.

கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு காலை. ஃபேகல்டிகளில் அலங்காரம் போட ஆரம்பித்திருந்தார்கள். என் மேஜைப் போன் அடித்தது. அக்காதான். குரல் சரியாக இல்லை.

"தம்பி, வந்திருக்கு. அவன் பேர்ல. நான் இன்னும் அழுத்தல. சீக்கிரம் வாங்க தம்பி."

மழை தூறிக்கொண்டிருந்தது. குடையைத் தேடாமல் ஓடினேன். அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை தானாக மவுசுக்குப் போய்விடும் என்று பயந்து அப்படி வைத்திருந்தாராம். பிறகு சொன்னார்.

முகவரி நிஜமாகவே தம்பியுடையது. ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் உள்ளே, 'உங்களுக்குச் சில படங்கள்' என்று இங்கிலீஷில் ஒரே வரி, அதற்குக் கீழே ஒரு லிங்க். அது போகிற இடம் என்னவென்று பார்த்தேன். எங்கள் பல்கலைக்கழகத்தின் நுழைவுப் பக்கத்தை அப்படியே காப்பி அடித்து, ஊர் பேர் தெரியாத ஓர் இடத்தில் வைத்திருந்தார்கள். அதில் பாஸ்வர்டைப் போட்டால் முடிந்தது கதை.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "அவன் இல்ல, இல்ல?" என்றார்.

"இல்லக்கா. அவரோட மெயிலை யாரோ பிடிச்சுட்டாங்க. அவருக்குத் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் இப்படிப் போயிருக்கும்."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறேன், யாரிடமும் ஒரு மெயில் போலி என்று சொல்வதற்கு நான் அவ்வளவு சங்கடப்பட்டதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அவனுக்கு இது தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சிருக்காது. யாராச்சும் சொல்லணும்."

"மெயில் போட்டுடலாமா?"

"அது திருடன் கைக்குத்தான் போகும். போன்லதான் சொல்லணும்."

இதை நான் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. எல்லாக் கூட்டத்திலும் சொல்கிற விதிதான் அது. சந்தேகம் வந்தால் வேறு வழியில் ஆளைக் கூப்பிட்டுக் கேள் என்பது. ஆனால் சொல்லி முடித்ததும் இரண்டு பேருமே மேஜையில் கிடந்த அவர் போனைப் பார்த்தோம்.

"நீங்களே பேசுங்களேன் தம்பி. நம்பர் தர்றேன்."

"சரிக்கா, சொல்லுங்க."

அவர் போனை எடுத்தார். நம்பரைத் தேடவில்லை, மனப்பாடமாக அழுத்தினார். அழுத்திவிட்டு என்னிடம் கொடுப்பார் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. காதில் வைத்துக்கொண்டார். மணி போகிற சத்தம் எனக்கே கேட்டது. நெடுநேரம் போனது. அக்காவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் பண்ணினாரோ என்னவோ.

மறுமுனையில் யாரோ எடுத்தார்கள்.

"டேய், உன் மெயிலை யாரோ திருடிட்டாங்கடா," என்றார் அக்கா. நலமா என்றுகூடக் கேட்கவில்லை. "எனக்கு ஸ்கேம் வந்திருக்கு. உடனே பாஸ்வர்டை மாத்து. எங்க ஆபீஸ் தம்பி இங்கதான் இருக்காரு, எப்படி மாத்துறதுன்னு அவரு சொல்லுவாரு, கேட்டுக்க."

இதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனை என் கையில் திணித்தார்.

நான் என் பெயரைச் சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக விளக்கினேன். பாஸ்வர்டை மாற்றுங்கள், மற்ற எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேறுங்கள், போனுக்கு ஒரு குறியீடு வருகிற மாதிரி வையுங்கள். அந்தப் பக்கம் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று, "பாஸ், அக்கா பக்கத்துலதான் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்காங்க."

"நல்லா இருக்காங்களா?"

பாதுகாப்பு விதிகளில் இதற்குப் பதில் கிடையாது. "நீங்களே கேளுங்க சார்," என்று சொல்லிப் போனைத் திரும்பக் கொடுத்தேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றேன். யாரோ ஒரு விரிவுரையாளர் கையெழுத்து வாங்க வந்தார். அக்கா முக்கியமான போனில் இருக்கிறார், பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். உள்ளே அழுகை கேட்டது. கொஞ்சம் கழித்து, "பெரியவன் எந்த கிளாஸ்டா இப்ப?" என்று அக்கா கேட்டது காதில் விழுந்தது. நான் என் அலுவலகத்துக்கு நடந்தேன். மழை விட்டிருந்தது.

அந்த வருஷக் கடைசியில் அக்கா பென்சன் ஆனார். விதிப்படி அவருடைய ஆபீஸ் மெயிலை மூடினோம். மூடுவதற்கு முன்னால் அவருக்குச் சொந்தமாக ஒரு கணக்கு திறந்து கொடுத்தேன். நல்ல பாஸ்வர்டாக அவரே யோசித்துப் போட்டுக்கொண்டார், என்னிடம் காட்டவில்லை. சரியான மாணவி.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் தம்பி இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிகிற நேரத்தில் போன் செய்கிறார், படங்கள் அனுப்புகிறார். போன கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்து, பிள்ளையின் பரீட்சையால் தள்ளிப்போனது. அண்மையில் பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைப் பக்கம் அக்காவைப் பார்த்தேன். அவர்கள் வந்தால் தங்குவதற்கு முன்னறையில் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறாராம். "அம்மா கல்லறைக்கு நான் தனியா போறதில்ல தம்பி. அவன் வந்ததும் சேர்ந்து போகலாம்னு இருக்கேன்," என்றார். சொல்லிவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போதும் சோதனை மெயில் அனுப்புகிறேன், இப்போதும் யாராவது அழுத்துகிறார்கள். ஆனால் படம், குரல் என்று ஆசை காட்டுகிற மெயிலை மட்டும் நான் தயாரிப்பதில்லை. மேலதிகாரியும் அதற்கு ஒத்துக்கொண்டார். கூட்டத்தில் பேசும்போது, நீங்கள் யாரிடமிருந்து ஒரு வார்த்தை வராதா என்று காத்திருக்கிறீர்களோ அவர் பெயரில்தான் திருடன் வருவான், அதனால் அவரை நீங்களே முதலில் கூப்பிட்டுவிடுங்கள் என்று சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிப்பார்கள். கூட்டம் முடிந்ததும் கறிபாப்பைக்கூட எடுக்காமல், போனைக் காதில் வைத்துக்கொண்டு யாராவது ஒருவர் வெளியே போவதைப் பார்க்கும்போது, இந்த வேலையில் நான் பாதுகாக்க வேண்டியது கணினியை மட்டுமில்லை என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.