கே. ரம்யாவுக்கு முழுப் பேரு கேட்ட வெள்ளக்காரன்

லேப்டாப் சூடாயிட்டா ஒரு வாசனை வரும், இஸ்திரி போட்ட துணி மாதிரி... அதோட வறுத்த மல்லாட்டை வாசனை, வேர்க்கடலையைத்தான் சொல்றேன். அந்த வெயில் காலம் பூரா எங்க உத்திரமேரூர் வூட்டுல இதே வாசனைதான்.

பேத்தி ரம்யா காலேஜ் முடிச்சிட்டு வேலை தேடிக்கினு இருந்தா. லேப்டாப்போட ஒரு பெரிய ஸ்க்ரீனையும் மாட்டி வச்சிருந்தா. கரண்ட் போனா பெரிய ஸ்க்ரீன் அணைஞ்சிடும். அதுல கட்டம் கட்டமா தொறந்து வச்ச ஜன்னலுங்க எல்லாம் லேப்டாப்புல வந்து குவியும். கரண்ட் வந்தாலும் திரும்பிப் போவாது. ஒவ்வொண்ணா இழுத்து வைக்கணும்.

எங்க ஊரு கரண்ட்டைப் பத்தி சொல்லவே வேணாம்.

ஜன்னலுங்க எங்கெங்க நிக்கணும்னு அடுக்கறதுக்குன்னே ஒரு ப்ரோகிராம் கீதாம். விண்டோ மேனேஜர். யார் வேணா திருத்தி அனுப்பலாம். அதைப் பாத்துக்கற வெள்ளக்காரன் ஒத்துக்கினா சேத்துக்குவான். ரம்யா இந்தக் கோளாறை சரி பண்ணி அனுப்பினா.

"உள்ள போயிட்டா இன்டர்வியூல காட்டலாம் ஆயா."

திரும்பி வந்துச்சு. வரியை ஸ்பேஸ் தட்டி உள்ள தள்ளியிருக்கியே, டேப் தட்டணும்னு.

மாத்தி அனுப்பினா. மறுபடியும் வந்துச்சு. ஒரு திருத்தத்துல ஒரு வேலைதான் பண்ணணும், பிரிச்சு அனுப்புன்னு.

மூணாவது தடவை... இன்னா மாத்தினன்னு எழுதியிருக்க, ஏன் மாத்தினன்னு எழுதுன்னு.

"கரண்ட் போவுதுன்னு எழுதேன்டீ"ன்னேன். அதையே எழுதினா.

நான் மூணாங்கிளாஸ். இங்கிலீஷ் தெரியாது. அவ படிச்சு சொன்ன ரூல் அத்தனையும் இன்னிக்கும் ஒப்பிப்பேன். அப்பல்லாம் ஒரு எடத்துல உக்கார முடியாது. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துக்கினே "பதில் வந்துச்சா"ன்னு கேப்பேன்.

"குந்து ஆயா. நீ நடந்த நடைக்கு தாமல் ஏரியையே சுத்தி வந்திருக்கலாம்."

நாலாவது பதில் வந்துச்சு. 'கே. ரம்யா'ன்னு கையெழுத்து போட்டிருந்தா. இனிஷியல் ஆகாதாம், முழுப் பேரு வேணுமாம். அதுவும் ரூலாம்.

அந்த 'கே' அவ அப்பன். எம்பொண்ணு அமுதா ஆறு மாசக் கைக்கொயந்தையோட நிக்கறப்ப சொல்லாம கொள்ளாம போனவன். அன்னிக்கு அவன் போட்டிருந்தது நீலக் கோடு போட்ட சட்டை. அவன் பேரை எங்க வூட்டுல யாரும் சொல்றதில்ல.

"அனுப்பினதைத் திருப்பி வாங்கிக்கோ. இல்ல உங்கம்மா பேரைப் போடு"ன்னேன்.

"சர்டிபிகேட்ல இல்லாத பேரைப் போட்டா, இது நான் பண்ணதுன்னு எவன் நம்புவான் ஆயா?"

மல்லாட்டை உரிச்சிக்கினு இருந்த அமுதா தலையத் தூக்காமலே சொன்னா. "போடட்டும்மா. பேருதான் அவனுது. வேலை எம்பொண்ணுது."

போட்டா. சேத்துக்கினாங்க. நான் நாலு நாள் ரம்யாகிட்ட பேசல. அந்த வெள்ளக்காரன் மேல வச்ச கோவம் வருசக்கணக்கா இருந்துச்சு.

இப்ப ரம்யா பெங்களூர்ல வேலை பாக்கறா. அதே ப்ரோகிராமுக்கு மத்தவங்க அனுப்பற திருத்தமெல்லாம் அவகிட்டயும் வருதாம். அவளும் அதே ரூலைச் சொல்லி இரக்கமில்லாம திருப்பி அனுப்பறாளாம்.

ஆனா ஒரு ரூலை மாத்திட்டா. உன்ன எந்தப் பேரு சொல்லிக் கூப்பிடறாங்களோ அதைப் போட்டா போதும்... போன மாசம் போன்ல சொன்னா.

"அப்ப உன்னுதுல இருக்கற அவன் பேரை எடுத்துடு"ன்னேன்.

உள்ள போனதை மாத்த முடியாதாம். அது அப்டியே இருக்குமாம்.

"ரூலை மாத்த அந்த வெள்ளக்காரன் எப்டிடீ ஒத்துக்கினான்?"

"ஒரு மெயில் போட்டேன் ஆயா. சரின்னு அன்னிக்கே பதில் வந்துடுச்சு."

எழுதி வச்ச ரூலுன்னா கையைக் கட்டிக்கினு நிக்கற காலம் எங்களுது. ஏன்னு திருப்பிக் கேக்கலாம்னு அன்னிக்கு மூணு பேர்ல ஒருத்திக்கும் தோணல. கேட்டிருந்தா அன்னிக்கே சரின்னிருப்பானோ இன்னாமோ...

இத்தினி வருசமா அந்த வெள்ளக்காரனைத் திட்டிக்கினு இருந்தேன். ஒரு மாசமா அதுவும் முடியல.